கானா: பழைய துணியும் உடைந்த கண்ணாடியும் – வடிவமைப்பாளர்களால் எவ்வளவு முடியும்?

தறிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்குச் சூழலைக் கெடுக்காத ஆடைத்தொழில் பற்றிய பாடத்தை நடத்துகிறேன். வழக்கமாகக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஐரோப்பியக் கடைகளின் விளம்பரத் தாள்களிலிருந்து வருகின்றன. ஒரு சட்டைக்குள் எத்தனை நெகிழிப் பாட்டில்கள் இருக்கின்றன என்று அட்டையில் அச்சிட்டுத் தொங்கவிடுவதையே அவை பெரிய சாதனையாகப் பேசுகின்றன. அதனால் இம்முறை மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவை மையமாக வைக்க எண்ணுகிறேன். தலைநகர் அக்ராவின் நடுவே, பணக்கார நாடுகள் கழித்துவிட்ட துணி வந்து இறங்கும் கந்தமாந்தோ சந்தை இருக்கிறது. அங்கிருந்து அரைநாள் பயணத்துக்குள் இருக்கும் ஒடுமாசே குரோபோவில், காலிப் பாட்டில்களை இடித்துப் பொடியாக்கி மணி செய்கிறார்கள். கழிவு ஆடையாவதையும் அணிகலனாவதையும் ஒரே நாட்டில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இதுவரை நான் குறித்து வைத்திருக்கும் பெயர்கள் சில. 2013ஆம் ஆண்டு அப்ரிமா எர்வியாவும் நடிகை ரொசாரியோ டாசனும் தொடங்கிய ஸ்டுடியோ 189, அக்ராவில் பட்டறை வைத்து, பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் முறை), அவுரிச் சாயம், கைநெசவு ஆகியவற்றைக் கொண்டு ஆடை செய்கிறது. அந்நிறுவனத்துக்கு 2018இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மன்றத்தின் நிலைத்த (சூழலைக் கெடுக்காத) ஆடைத்தொழிலுக்கான பரிசு கிடைத்தது. செல் கோஃபிகாவின் தி ஸ்லம் ஸ்டுடியோ, சந்தையில் விலைபோகாத துணியின்மேல் கையால் ஓவியம் தீட்டி ஆடையாக்குகிறது. யாய்ரா அக்போஃபா நடத்தும் தி ரிவைவல், அதே சந்தையின் கழிவைப் பிரித்துத் தைத்து வேறு உடைகளாக்குகிறது.

என் கேள்வி இதுதான். இவர்களை மாணவர்களுக்கு ஒரு தீர்வாகக் காட்டலாமா, அல்லது தீராத சிக்கலின் மேல் பூசிய வண்ணம் என்று சொல்ல வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

நூற்பாலை

திருப்பூர்ப் பக்கம் பின்னலாடைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு தொழில்நுட்பக் குறிப்பை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தடம் மாறிப்போகிறது. எங்கள் பகுதியில் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டைப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் மீண்டும் நூலாக்குவது பல ஆண்டுகளாக நடக்கும் வணிகம். அது ஓடுவதற்குக் காரணம் சூழல்பற்று அன்று. வெட்டு மேசையிலிருந்து வரும் துண்டு புதியது; அது என்ன துணி, என்ன நிறம், எவ்வளவு பருத்தி என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். நிறவாரியாகப் பிரித்துவிட்டால் சாயச் செலவும் குறையும்.

உடுத்திக் கழித்த ஆடை அப்படியன்று. ஒரே சட்டையில் பருத்தி, பாலியெஸ்டர், லைக்ரா மூன்றும் கலந்திருக்கும். பித்தான், ஜிப், ரப்பர் அச்சு, தைத்த பட்டை எல்லாம் உடன் வரும். பலமுறை துவைத்ததில் இழை குட்டையாகியிருக்கும். அதிலிருந்து எடுக்கும் பஞ்சில் நல்ல நூல் வராது. ஆகவே கந்தமாந்தோவில் மிஞ்சும் துணியை ‘மறுசுழற்சி செய்துவிடலாம்’ என்று யாராவது எளிதாகச் சொன்னால், அவர் ஒரு நூற்பாலைக்குள் நுழைந்து பார்த்ததில்லை என்று பொருள். வடிவமைப்பாளர்கள் செய்வது மறுசுழற்சி அன்று, மறுபயன்பாடு. ஒன்று ஆலையின் அளவில் நடப்பது, மற்றது கைகளின் அளவில் நடப்பது. மாணவர்கள் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அக்ராவிலிருந்து

வேலை காரணமாக அக்ராவில் குடியிருப்பவள் நான். கந்தமாந்தோவைக் கழிவுக் கிடங்கு என்று எழுதுகிறவர்கள் பலர். அந்தச் சித்திரம் பாதி தவறானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

துணி சுமார் 55 கிலோ எடையுள்ள பேல்களாக, அதாவது இறுகக் கட்டிய பொதிகளாக, கப்பலில் வருகிறது. வணிகர் பேலைப் பிரிக்காமலே விலை கொடுத்து வாங்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்பது கயிற்றை அறுத்த பிறகுதான் தெரியும். நல்ல பேல் விழுந்தால் அந்த வாரக் கடனை அடைக்கலாம். கறை படிந்ததும் கிழிந்ததுமாக வந்தால் கடன் மேலும் ஏறும். பேலைக் கடையிலிருந்து கடைக்குத் தலையில் சுமப்பவர்கள் பெரும்பாலும் கானாவின் வடக்குப் பகுதிகளிலிருந்து வந்த இளம்பெண்கள். இங்கே அவர்களைக் கயாயெய் என்பார்கள். அந்தச் சுமையால் கழுத்தும் முதுகெலும்பும் தேய்ந்துபோவதை தி ஆர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. சுமை தூக்குவதை விட்டு வேறு தொழில் பழக விரும்பும் பெண்களுக்கு அவர்களே பயிற்சித் திட்டமும் நடத்துகிறார்கள்.

பேல் பிரிந்த பிறகு நடப்பதைத்தான் செய்தியாளர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். சந்தைக்குள் வரிசையாகத் தையல்காரர்கள் இருக்கிறார்கள். பெரிய அளவில் வரும் மேலைநாட்டுச் சட்டைகளை உள்ளூர் உடலுக்கேற்ப இறக்குவது, முழுக்கால் சட்டையை அரைக்கால் சட்டையாக்குவது, இரண்டு கிழிசல்களை வெட்டி ஒன்றாக்குவது அவர்களுடைய அன்றாட வேலை. வெளுத்த ஜீன்ஸைக் கறுப்பிலும் நீலத்திலும் மறுபடி தோய்த்தெடுக்கும் சாயக்காரர்கள் தனியே இருக்கிறார்கள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மடிப்பு வைத்துத் தருபவர்களும், காலணியைப் பிரித்து ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். சந்தையில் சுமார் 30,000 பேர் தொழில் செய்வதாகச் சொல்லப்படுகிறது. இவர்களில் எவரும் தம்மை வடிவமைப்பாளர் என்று அழைத்துக்கொள்வதில்லை. ஆனால் உலகில் இந்த அளவுக்குத் துணிக்கு மறுவாழ்வு கொடுக்கும் வேறோர் இடத்தை நான் அறியேன். தறிக்காரி அக்கா குறிப்பிட்ட இளம் வடிவமைப்பாளர்களும் இந்தத் தையல்காரர்களிடமும் சாயக்காரர்களிடமும்தான் தொழிலின் பாதியைக் கற்கிறார்கள். பாடத்தில் அவர்களுடைய பெயர்களை எழுதும்போது இந்தப் பெயரில்லாதவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கணக்கன்

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாரத்துக்கு ஒன்றரைக் கோடி ஆடைகள் கந்தமாந்தோவுக்கு வருகின்றன என்பதும், அதில் 40 விழுக்காடு கழிவாகச் சந்தையை விட்டு வெளியேறுகிறது என்பதும் தி ஆர் ஃபவுண்டேஷன் வெளியிட்ட மதிப்பீடுகள். கானாவின் பழைய துணி வணிகர் சங்கம் 2024இல் தன் அறிக்கையை வெளியிட்டு, ஒரு பேலில் கழிவு என்று சொல்லத்தக்கது 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று மறுத்தது. இரு தரப்புக்கும் இதில் நலன் இருக்கிறது. சங்கத்துக்கு இறக்குமதித் தடை வந்துவிடக் கூடாது. தொண்டமைப்புக்குச் சிக்கலின் அளவு உலகத்துக்குத் தெரிய வேண்டும். தவிர, இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது என் எண்ணம். பேலைத் திறந்த அன்றே விற்கத் தகாதது என்று ஒதுக்குவது ஒரு கணக்கு. தொங்கவிட்டு, விலை குறைத்து, கடைசியில் யாரும் எடுக்காமல் மாலையில் குப்பை வண்டியில் ஏறுவது இன்னொரு கணக்கு.

ஆனால் இந்தச் சண்டைக்குள் ஒரு செய்தி மறைந்துகிடக்கிறது. ஒன்றரைக் கோடி என்ற வரத்தை ஏற்றுக்கொண்டு, கழிவுக்கு வணிகர் சங்கத்தின் 5 விழுக்காட்டையே வைத்தாலும், வாரத்துக்கு ஏழரை இலட்சம், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.9 கோடி ஆடைகள். ஒரு தையல் பட்டறை நாளொன்றுக்கு நூறு உருப்படி மறுவடிவம் செய்வதாகவும், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கழிவு முழுவதையும் எடுத்துக்கொள்ள அப்படிப்பட்ட பட்டறைகள் 1,300 வேண்டும். ஆக, மிகக் குறைவான மதிப்பீட்டை எடுத்தாலும் வடிவமைப்பாளர்களால் இந்தக் குவியலைக் குறைக்க முடியாது. தறிக்காரி அவர்களின் கேள்விக்கு எண்கள் தரும் விடை இவ்வளவுதான்.

தறிக்காரி

கணக்கன் ஐயா, அளவைக் கொண்டு மட்டும் வடிவமைப்பை மதிப்பிட்டால் உலகில் எந்தக் கைத்தொழிலும் தேறாது. ஆனாலும் உங்கள் கணக்கை மாணவர்களிடம் அப்படியே வைப்பேன். முதல் வகுப்பிலேயே அது தேவைப்படும். அணிகலன் பக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை. அங்கும் இதே நிலைதானா?

மெழுகுவார்ப்பு

நகைப் பட்டறைக்காரன் நான். அணிகலனில் நிலை வேறு. அது ஏன் வேறு என்பதுதான் இந்த இழையில் பேசத்தக்க செய்தி என்று நினைக்கிறேன். குரோபோ மணி எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

பீர்ப் பாட்டில், குளிர்பானப் பாட்டில், மருந்துக் குப்பி, முகப்பூச்சு டப்பா என்று நிறம் பார்த்துக் கண்ணாடியைச் சேகரிக்கிறார்கள். கழுவி, இரும்பு உரலில் உலக்கையால் இடித்து, சலித்து மாவாக்குகிறார்கள். களிமண்ணால் செய்த அச்சுத் தட்டில் சிறுசிறு குழிகள் இருக்கும். கண்ணாடி ஒட்டாமல் இருக்க அவற்றுக்குள் வெண்களிமண் குழம்பைப் பூசுவார்கள். பிறகு ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பை நட்டு, சுற்றிலும் பொடியை நிரப்புவார்கள். சூளையில் வைத்ததும் பொடி உருகி ஒன்றாகிறது. காம்பு எரிந்து சாம்பலாகி, அது நின்ற இடத்தில் நூல் கோக்கும் துளை அமைந்துவிடுகிறது. துளையிடும் கருவிக்கு எங்கள் தொழிலில் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று அறிந்தவர்களுக்கு இந்த இலைக்காம்பின் அருமை புரியும். ஒளி ஊடுருவும் மணி வேண்டுமென்றால் பொடிக்குப் பதில் சற்றுப் பெரிய கண்ணாடிச் சில்லுகளை இட்டு உருக்கி, சூடாக இருக்கும்போதே ஊசியால் துளைத்துத் திருப்பி வடிவம் கொடுப்பார்கள். வரைந்த மணியில், வெந்த மணியின்மேல் நிறமேற்றிய கண்ணாடிக் குழம்பால் கோடிட்டு மறுபடி சூளைக்கு அனுப்புவார்கள். கடைசியில் கல்லில் மணலும் நீரும் இட்டுக் கையால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இதைச் செய்பவர்கள் சூழலைக் காக்க வேண்டும் என்று தொடங்கவில்லை. குரோபோ மக்களிடையே பெண்பிள்ளைகள் பருவமடைந்ததைக் கொண்டாடும் திப்போ சடங்கில் மணிமாலைகள் இல்லாமல் எதுவும் நடக்காது. குடும்பத்தின் பழைய மணிகள் அன்று பெட்டியிலிருந்து வெளியே வரும். அவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து. வெனிசிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வணிகக் கப்பல்களில் வந்த கண்ணாடி மணிகளுக்கு அங்கே இருந்த மதிப்புதான் உள்ளூரிலேயே கண்ணாடியை உருக்கி மணி செய்யும் தொழிலுக்குச் சந்தையாக இருந்தது. தேவை முதலில் இருந்தது, கழிவு பிறகு அதற்குள் வந்து பொருந்திக்கொண்டது. ஒடுமாசேயில் சீடி பீட்ஸ் பட்டறையை நடத்தும் நோமோடா ஜாபா போன்றவர்கள் அந்த மரபை வெளிநாட்டுக் கைவினைச் சந்தைகள் வரைக்கும் கொண்டு சென்றிருக்கிறார்கள். 2003இல் கேப் கோஸ்ட் நகரில் தொடங்கிய குளோபல் மாமாஸ் அமைப்பு, பாத்திக் ஆடைகளோடு குரோபோ மணி அணிகலன்களையும் விற்று, அவற்றைச் செய்யும் பெண்களுக்குத் தொடர் வேலை தருகிறது.

பித்தளையிலும் இப்படித்தான். அசாந்தே மக்களின் நகரான குமாசிக்கு அருகில் இன்றும் பழைய குழாய், வால்வு, பூட்டு போன்றவற்றை உருக்கி மெழுகு வார்ப்பில் மணியும் பதக்கமும் செய்கிறார்கள். தேன்மெழுகில் உருவம் செய்து, கரியும் களிமண்ணும் கலந்த குழம்பால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின், உலோகம் வைத்த மூசையையும் (உருக்கும் கிண்ணம்) அச்சையும் ஒரே உருண்டையாக அடைத்துச் சூளையில் வைப்பது அகான் இன வார்ப்பாளர்களின் முறை. உலோகம் உருகியதும் உருண்டையைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். ஊற்றும்போது காற்றுப் படுவதில்லை, சிந்துவதும் இல்லை. ஒருகாலத்தில் அகான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தே வணிகர்கள் பொன்துகளை நிறுக்க வைத்திருந்த பித்தளை எடைக்கற்கள் இந்த வார்ப்பு மரபில் உருவானவைதான்.

இப்போது நூற்பாலை சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடியையும் பித்தளையையும் உருக்கினால் அவை முன்பு என்னவாக இருந்தன என்பது அழிந்துவிடுகிறது. நேற்றைய பீர்ப் பாட்டிலுக்கும் இன்றைய மணிக்கும் பொருளின் தரத்தில் வேறுபாடு மிகக் குறைவு. துணிக்கு அந்த வசதி இல்லை. அது தன் பழைய வாழ்க்கையை இழையிழையாகச் சுமந்துகொண்டே வருகிறது. கானாவின் மணிக்காரர்கள் வென்றதற்கும் துணிக்காரர்கள் திணறுவதற்கும் திறமை காரணம் அன்று, பொருள்தான் காரணம்.

நூற்பாலை

மெழுகுவார்ப்பு அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். துணியின் இந்தக் குணம் இயற்கையாக வந்ததன்று. முழுப் பருத்தித் துணியாக இருந்தால் கந்தமாந்தோவின் சாயக்காரர் தோய்த்தெடுத்துவிடுவார். பாலியெஸ்டர் அவருடைய அடுப்புக் கொதியில் சாயம் ஏற்காது; அதற்கு அழுத்தத்தோடு 130 பாகைச் சூடு வேண்டும். மெலிந்த துணியில் தையலைப் பிரித்து மறுபடி தைத்தால் ஊசி போன வழியிலேயே கிழியும். ஆக, அக்ராவில் ஓர் ஆடைக்கு மறுவாழ்வு உண்டா இல்லையா என்பதை, அந்த ஆடையை வடிவமைத்த நாளில், வேறொரு நாட்டில், கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவர் முடிவு செய்துவிடுகிறார். அந்த மேசைகளில் எங்கள் ஊரும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் மேலைநாட்டுப் பழைய துணியைத் தரம் பிரித்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்புவதும் நடக்கிறது. இந்தச் சங்கிலியில் நாம் பார்வையாளர்கள் அல்லர்.

கணக்கன்

பழைய துணி வந்துதான் கானாவின் ஆலைகள் மூடின என்று அடுத்து யாராவது எழுதுவார்கள். அதற்கு முன்பே ஒரு குறிப்பு. 1970களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 25,000 பேருக்கு வேலை கொடுத்த துணி ஆலைத்தொழில் 2000களின் நடுவில் சில ஆயிரம் பேராகச் சுருங்கியது உண்மை. ஆனால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, 1983க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது, உள்ளூர் அச்சுத் துணியின் கோலங்களை அப்படியே நகலெடுத்து மலிவு விலையில் வந்த சீனத் துணி ஆகிய மூன்றும் அதில் பங்கு வகித்தன. பழைய துணி ஒரு காரணம், ஒரே காரணம் அன்று.

தறிக்காரி

தங்கம் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். கானா என்றாலே பழைய பெயர் பொற்கடற்கரைதானே. அணிகலன் வடிவமைப்பாளர்கள் பித்தளைக்கும் கண்ணாடிக்கும் போவது கலை விருப்பத்தாலா, விலையாலா, அல்லது தங்கத்தின்மேல் உள்ள கசப்பாலா?

அக்ராவிலிருந்து

விலை முதற்காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கசப்பும் இருக்கிறது, அதற்கு அழுத்தமான காரணமும் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் மிகுதியாகத் தங்கம் எடுக்கும் நாடு இன்று கானாதான். தென்னாப்பிரிக்காவை அது முந்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. பெரிய நிறுவனங்களின் சுரங்கங்களுக்கு அப்பால், உரிமம் இல்லாமல் ஆற்றுப் படுகையைத் தோண்டும் தொழில் நாட்டின் பல பகுதிகளில் பரவியிருக்கிறது. அதற்கு கலாம்சே என்று பெயர். மண்ணைக் கழுவிப் பாதரசத்தால் பொன்துகளைப் பிடித்து, பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக்கிவிடுகிறார்கள். பிரா, ஆங்கோப்ரா, ஆஃபின் ஆறுகள் பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஓடுகின்றன. 2024 ஆகஸ்டில், பிரா ஆற்றிலிருந்து கேப் கோஸ்ட் வட்டாரத்துக்குக் குடிநீர் தரும் செக்கியெரே ஹேமாங் நிலையத்தில் நீரின் கலங்கல் சராசரியாக 14,000 அலகு என்று குடிநீர் நிறுவனமே அறிவித்தது. அந்த நிலையம் 2,000 அலகு வரை சுத்திகரிக்கவே கட்டப்பட்டது. கொக்கோத் தோட்டங்கள் குழிகளாவது தனிக் கதை.

2025இல் அரசு தங்க வாரியம் ஒன்றை அமைத்து, அவ்வாண்டு மே முதல் நாளிலிருந்து உள்ளூர்த் தங்கச் சந்தையில் வெளிநாட்டவர் வாங்கி விற்பதைத் தடை செய்தது. அது வணிகத்தை ஒழுங்குபடுத்தும். ஒரு மோதிரத்தில் உள்ள தங்கம் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்பதை அந்தத் தடை ஒன்றே சொல்லிவிடாது. அதனால் தம் பொருளின் பிறப்பிடத்தைக் காட்ட விரும்பும் சிறு வடிவமைப்பாளருக்கு மணியும் பித்தளையும் ஏற்றவை. கண்ணாடி யாருடைய கடையிலிருந்து வந்தது என்பதைக்கூட அவரால் சொல்ல முடியும்.

மெழுகுவார்ப்பு

தங்கத்தை ஒதுக்கிவிடுவதே வழி என்று நான் சொல்ல மாட்டேன். தங்கத்தைப்போல் காலகாலமாக மறுசுழற்சி ஆகும் பொருள் வேறில்லை. எங்கள் பட்டறைக்கு வரும் பழைய நகைதான் எங்களுக்குப் பாதிச் சுரங்கம். கானாவில் பிறந்து லண்டனில் பணிபுரியும் நகைக் கலைஞர் எமெஃபா கோல், அசாந்தே அரசரின் பொற்கொல்லரிடம் மெழுகு வார்ப்பைக் கற்றவர். அத்தகையவர்கள் பழைய தங்கத்தை உருக்கிச் செய்தால் எந்த ஆறும் கலங்காது. பித்தளை நல்லது, தங்கம் கெட்டது என்று மாணவர்கள் மனத்தில் பதிந்துவிடக் கூடாது.

செங்காந்தள்

இவ்வளவு நேரம் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி இன்னும் எழவில்லை: பணம் எங்கிருந்து வருகிறது? மலிவு ஆடைகளை இணையத்தில் விற்கும் ஷீன் நிறுவனம் 2022இல் தி ஆர் ஃபவுண்டேஷனுக்கு மூன்று ஆண்டுகளில் 1.5 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. தி ரிவைவலின் ஆய்வுக்கூடத் திட்டத்துக்கு ஆடை நிறுவனமான எச் அண்ட் எம்மோடு தொடர்புடைய எச் அண்ட் எம் அறக்கட்டளையின் 2025ஆம் ஆண்டுப் பரிசு கிடைத்தது. வென்றவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு இலட்சம் யூரோ. குப்பையை உற்பத்தி செய்பவர்களே அதைப் பொறுக்குபவர்களுக்குக் கூலி கொடுத்து நல்ல பெயரையும் வாங்கிக்கொள்கிறார்கள். இதை நிலைத்த ஆடைத்தொழில் என்று எப்படி அழைப்பது? மேலும் ஸ்டுடியோ 189இன் ஆடைகளை வாங்குவோர் யார்? கந்தமாந்தோவில் பொருள் வாங்கும் அக்ராக் குடும்பமா, நியூயார்க்கின் வாடிக்கையாளரா?

அக்ராவிலிருந்து

இங்கே நான் உங்களோடு முரண்படுகிறேன், செங்காந்தள். ஷீன் பணத்தைப் பெற்றபோது அந்த அமைப்பு கடுமையாகக் குறைசொல்லப்பட்டது. மாசு செய்தவர் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றுதானே தாங்கள் கேட்கிறோம், அதைக் கொடுத்தவரிடமிருந்து ஏன் பெறக் கூடாது என்பது அவர்களுடைய வாதம். எனக்கு அது ஏற்புடையது. நன்கொடையாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கட்டாயமாகக் கொடுக்க வைக்க வேண்டும் என்பதே மிஞ்சும் சிக்கல்.

அதற்கான முயற்சியும் நடந்தது. 2023இல் கந்தமாந்தோ வணிகர்கள் சிலரே பிரசல்ஸ் சென்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் பேசினார்கள். பிரான்சில் புது ஆடை விற்பவர் அதன் கழிவுக்காகச் செலுத்தும் கட்டணம் சராசரியாக ஓர் ஆடைக்கு 6 சென்ட் என்ற அளவில் இருந்தது. அது குறைந்தது 50 சென்ட் ஆக வேண்டும், அதில் ஒரு பங்கு துணி கடைசியாகச் சென்று சேரும் இடத்துக்கு வர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் துணிக் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்ற சட்டத்தை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விரித்தது. கட்டணப் பணம் அக்ராவரை வருமா என்பதில்தான் இனி சண்டை. என் கணிப்பைக் கேட்டால், சட்டம் அதை வற்புறுத்தாதவரை வராது.

வாங்குவோர் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. கையால் சாயமேற்றிய புது ஆடையின் விலை சந்தைச் சட்டையின் விலையைவிடப் பன்மடங்கு. உள்ளூரில் வசதி உள்ளவர்களும் வெளிநாட்டவரும்தான் வாங்குவார்கள். ஆனால் அந்த விலைதான் வடக்கே டபோயாவில் அவுரிச் சாயக் குழிகளைக் காத்துவரும் குடும்பங்கள் போன்றோருக்கும், குறுகிய தறியில் பட்டை பட்டையாக நெய்பவர்களுக்கும் கூலியாகப் போகிறது. 2024இல், பட்டைகளாக நெய்து இணைக்கும் கானாவின் மரபுத் துணியான கென்டேயின் நெசவை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது; அச்சடித்த போலிக் கென்டே அதனால் சந்தையிலிருந்து மறைந்துவிடவில்லை. விலை கொடுத்து வாங்கும் ஒருவர் இருந்தால்தான் தறி ஓடும்.

நூற்பாலை

2025 ஜனவரி முதல் நாள் இரவில் கந்தமாந்தோவில் பற்றிய தீயையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். சந்தையின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி எரிந்துபோனதாகச் செய்திகள் கூறின. வணிகர்கள் கிடைத்த மரச்சட்டங்களைக் கொண்டு சில மாதங்களில் கடைகளைத் திரும்ப எழுப்பினார்கள். சந்தை நின்றுபோன அந்த நாட்களிலும் கப்பல் நிற்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வாங்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்து அனுப்பப்படும் சரக்கு அன்று அது.

தறிக்காரி

எல்லோருக்கும் நன்றி. பாடத்தின் வடிவம் எனக்குத் தெளிவாகிவிட்டது. வடிவமைப்பாளர்களை வரிசையாக அறிமுகப்படுத்தும் திட்டத்தைக் கைவிடுகிறேன். மணியையும் சட்டையையும் அருகருகே வைத்து, ஒன்று ஏன் திரும்பத் திரும்பப் பிறக்கிறது, மற்றது ஏன் முடியாமல் கடற்கரையில் ஒதுங்குகிறது என்று கேட்பேன். செய்முறைப் பயிற்சியாக, உள்ளூரில் கிடைக்கும் பழைய சட்டைகளைத் தந்து, தைக்கச் சொல்லாமல், பிரிக்க மட்டும் சொல்வேன்: எத்தனை வகை நூல், எத்தனை ஒட்டு, எது கிழியாமல் பிரிகிறது என்று எழுதி வர வேண்டும். அடுத்த ஆடையை அவர்கள் வரையும்போது அந்தத் தாள் மேசைமேல் இருக்கட்டும்.

மெழுகுவார்ப்பு அண்ணனிடம் கடைசியாக ஒன்று. வகுப்பில் காட்டக் குரோபோ மணி கொஞ்சம் வரவழைக்க விரும்புகிறேன். இணையக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் உண்மையானவையா?

மெழுகுவார்ப்பு

எல்லாம் இல்லை, அம்மா. கோலத்தை நகலெடுத்து இயந்திரத்தில் செய்தவையும் வேறு பொருளில் செய்தவையும் கலந்திருக்கலாம். வாங்கும்போது துளைக்குள் பாருங்கள். அச்சில் பூசிய வெண்களிமண்ணின் தடம் துளையோரத்தில் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ஒரு சரத்தில் எல்லா மணியும் அச்சொத்தாற்போல் ஒரே அளவில் இருந்தால் ஐயப்படுங்கள். மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக, உருகிச் சேர்ந்த மாவின் தன்மையோடு இருக்க வேண்டும். முடிந்தால் கொஃபொரிதுவா நகரின் வியாழக்கிழமை மணிச் சந்தையிலிருந்தோ, செய்பவர்களிடமிருந்தோ நேரடியாகத் தருவியுங்கள். அக்ராவில் இருக்கும் தங்கை மனம் வைத்தால் அது எளிதில் நடக்கும்.

அக்ராவிலிருந்து

அடுத்த வியாழக்கிழமை போகும்போது வாங்கி வைக்கிறேன். பொடி மணி, சில்லு மணி, வரைந்த மணி மூன்றிலும் ஒவ்வொரு சரம், கூடவே சூடுபோதாமல் பாதி உருகி நின்ற சில மணிகளும் கேட்டுப் பார்க்கிறேன். செய்முறையை விளக்க அவைதான் அதிகம் உதவும். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், அக்கா.